மிஹ்ராபில் நின்ற சிறுவரும் சட்டை தைத்துக் கொடுத்த ஜமாஅத்தும்

 



அரபுக் கல்லூரியில் ஓதி முடித்து வெளியேறிய ஓர் இளம் ஆலிம் ஊர்ப் பள்ளிவாசலுக்கு இமாமாக நியமிக்கப்படும்போது, இரு விதமான பேச்சுகள் எழுவதுண்டு. "தாடி கூட முளைக்காதவருக்குப் பின்னால் நாம் நிற்பதா?" என்பார் சிலர். "இளைஞர்தான் வேண்டும், பெரியவர்கள் ஒதுங்கட்டும்" என்பார் வேறு சிலர். இவ்விரு சாராரும் வயதையே அளவுகோலாகக் கொள்கின்றனர். நபி (ஸல்) அவர்களின் காலத்து ஜமாஅத்துகள் எந்த அளவுகோலைக் கையாண்டன என்பதை வரலாற்றின் துணையோடு சற்று நோக்குவோம்.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு (கி.பி. 630) மக்கா வெற்றி கொள்ளப்பட்டது. அதுவரை காத்திருந்த அரபுக் கோத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இஸ்லாத்தைத் தழுவின. ஜர்ம் கோத்திரத்தினர் பயணிகள் கடந்து செல்லும் ஒரு நீர்நிலையின் அருகே வாழ்ந்து வந்தனர். அங்கு வளர்ந்த அம்ர் இப்னு ஸலமா (ரழி) என்ற சிறுவர், வழிப்போக்கர்களிடம் செய்தி கேட்டு, அவர்கள் ஓதிக்காட்டிய அல்குர்ஆன் வசனங்களை உள்ளத்தில் பதித்துக் கொண்டார். அவரின் தந்தை மதீனா சென்று இஸ்லாத்தை ஏற்றுத் திரும்பியபோது, அல்குர்ஆனை அதிகம் அறிந்தவரே தொழுகை நடத்த வேண்டும் என்ற நபியவர்களின் கட்டளையையும் எடுத்து வந்தார். கோத்திரத்தார் தேடிப் பார்த்தனர். அச்சிறுவரை விட அதிகம் அறிந்தவர் எவருமில்லை. ஆறு அல்லது ஏழு வயதில் அவர் இமாமாக முன்னிறுத்தப்பட்டார். ஸஹீஹுல் புகாரியில் இச்சம்பவம் பதிவாகியுள்ளது.

இதன் பின்னர் நிகழ்ந்ததே நம் கவனத்திற்குரியது. அவர் அணிந்திருந்த போர்வை சிறியது. ஸுஜூதுக்குச் செல்கையில் அது மேலே ஏறி உடல் வெளிப்பட்டது. கோத்திரத்துப் பெண்ணொருவர் உங்கள் ஓதுநரின் மேனியை மறைக்கக் கூடாதா என்று கேட்டார். ஜமாஅத்தார் என்ன செய்தனர்? சிறுவரை விலக்கவில்லை, எள்ளி நகையாடவுமில்லை. துணி வாங்கி அவருக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தனர். அந்தச் சட்டையைப் பெற்றபோது அடைந்த மகிழ்ச்சியைப் போல் வேறெதற்கும் தாம் மகிழ்ந்ததில்லை என்று அன்னார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள்.

சகோதரர்களே! குறை இமாமிடம் காணப்பட்டது. அதை நிவர்த்திக்கும் பொறுப்பை ஜமாஅத் ஏற்றுக் கொண்டது. இளையவரை முன்னிறுத்துவதென்றால் அவருக்குத் தேவையானதை வழங்குவதும் அதனுள் அடங்கும்.

விவரம் அறிந்த சிறுவரின் பின்னால் தொழலாம் என்று ஷாபிஈ மத்ஹபினர் கூறுவதற்கு இந்நிகழ்ச்சி ஆதாரமாக அமைந்தது. எனினும் பருவமடைந்தவரே ஏற்றமானவர் என்பது அவர்களின் நிலைப்பாடாகும். கடமையான தொழுகையில் சிறுவர் இமாமாவதை ஹனபி மத்ஹபினர் ஏற்பதில்லை.

அடுத்து, தாயிப் நகரத்து ஸகீப் கோத்திரத்தாரை நோக்குவோம். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு ரமழானில் அவர்களின் தூதுக்குழு மதீனா வந்தது. குழுவில் மிக இளையவர் உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரழி). மற்றவர்கள் ஓய்வெடுக்கும் வேளையில் அவர் நபியவர்களிடம் சென்று மார்க்கத்தையும் அல்குர்ஆனையும் கற்றார். இந்த ஆர்வத்தைக் கண்ட நபியவர்கள் அவரையே அக்கோத்திரத்துக்குத் தலைவராக்கினார்கள். கூடவே, பின்னால் நிற்போரில் மிகவும் பலவீனமானவரைக் கருத்திற் கொண்டு தொழுவிக்கும்படியும், கூலி வாங்காத ஒருவரை முஅத்தினாக வைத்துக் கொள்ளும்படியும் பணித்தார்கள். பதவியும் அறிவுரையும் சேர்ந்தே வழங்கப்பட்டன.

இளமையின் வேகம் சில வேளை எல்லை மீறும் என்பதையும் நபியவர்கள் அறிந்திருந்தார்கள். முஆத் இப்னு ஜபல் (ரழி) இருபது வயதுகளில் இருந்த பெரும் அறிஞர். அவர் இஷாத் தொழுகையில் நீண்ட அத்தியாயத்தை ஓதியபோது, நீர் இறைக்கும் ஒட்டகங்களோடு உழைத்துக் களைத்து வந்த ஒருவர் ஜமாஅத்தை விட்டு விலகித் தனியே தொழுதார். செய்தி எட்டியதும் நபியவர்கள் முஆதைக் கடுமையாகக் கண்டித்து, சிறிய அத்தியாயங்களை ஓதும்படி வழிகாட்டினார்கள். எனினும் அவரைப் புறக்கணித்துவிடவில்லை. பின்னாளில் யெமனுக்கு ஆசிரியராகவும் நீதிபதியாகவும் அனுப்பியதும் அவரையேதான்.

அப்படியாயின் வயதுக்கு மதிப்பே இல்லையா? உண்டு. மாலிக் இப்னு அல்ஹுவைரிஸ் (ரழி) அவர்களும் ஏறக்குறைய ஒரே வயதுடைய வாலிபர்கள் சிலரும் மதீனாவில் இருபது இரவுகள் தங்கிக் கற்றனர். அவர்கள் குடும்பத்தாரிடம் திரும்புகையில், ஒருவர் பாங்கு சொல்ல, வயதில் மூத்தவர் தொழுகை நடத்தட்டும் என்று நபியவர்கள் கூறினார்கள். அனைவரும் ஒன்றாகக் கற்றவர்கள், அறிவில் சமமானவர்கள். ஆகவே அங்கு வயது முன்னுரிமை பெற்றது. அறிவு முதலில், அதில் சமமானால் மூப்பு. இதுவே ஒழுங்கு.

மூத்தவர்களின் மனத்தடையும் புதிதன்று. ஹிஜ்ரி 11ஆம் ஆண்டு (கி.பி. 632), இருபது வயதையும் எட்டாத உஸாமா இப்னு ஸைத் (ரழி) அவர்கள் படைத்தளபதியாக நியமிக்கப்பட்டபோது சிலர் குறை கூறினர். இவரின் தந்தையின் தலைமையையும் இவ்வாறே குறை கூறினீர்கள் என நபியவர்கள் பதிலளித்தார்கள். நபியவர்களின் வபாத்திற்குப் பின்னர் கலீபா அபூபக்ர் (ரழி) அவர்கள் அப்படையை வழியனுப்பினார்கள். உஸாமா வாகனத்தில் அமர்ந்திருக்க, அறுபதைத் தாண்டிய கலீபா அருகே நடந்து சென்றார்கள். உமர் (ரழி) அவர்களை மதீனாவில் தம்மோடு விட்டுச் செல்லுமாறு அந்த இளைஞரிடம் அனுமதியும் கேட்டார்கள். பதவியை வழங்கிய பின் அதற்குரிய கண்ணியத்தையும் வழங்குவது இவ்வாறுதான்.

வாசகர்களே! ரமழான் காலத்தில் நம் நாட்டுப் பள்ளிவாசல்களில் மீசை அரும்பாத ஹாபிழ்கள் தராவீஹ் தொழுவிக்கின்றனர். தாத்தாமார் பேரர்களின் பின்னால் நின்று கண்கலங்குகின்றனர். அந்த ஒரு மாத அன்பு பெருநாளோடு முடிந்துவிடலாகாது. வீட்டுப் பிணக்குகளைத் தீர்க்கவும், ஊர்ப் பிளவுகளை ஆற்றவும் இருபத்திரண்டு வயது இமாமைத் தனியே விட்டுவிட்டு, அவர் தடுமாறியதும் பள்ளி வாயிலில் நின்று விமர்சிப்பது அமானிதத்துக்கு உகந்ததன்று. நம்பிக்கையாளர் சபையினர் அவருக்குப் போதிய ஊதியமும் மேலும் கற்பதற்கு அவகாசமும் வழங்கட்டும். ஊர்ப் பெரியவர்கள் தனிமையில் திருத்தி, சபையில் கண்ணியப்படுத்தட்டும். இளம் இமாமும் வரிசையில் நிற்கும் முதியவரையும் நோயாளியையும் உழைப்பாளியையும் மறவாதிருக்கட்டும்.

உங்கள் மஹல்லாவின் இமாம் இளையவராயின், அவருக்கு இன்று எந்தச் சட்டை தேவைப்படுகின்றது என்று கேட்டுப் பாருங்கள். அதைத் தைத்துக் கொடுக்கும் ஜமாஅத்தினராக நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.