பச்சைப் பூவும் சிவப்பு டையும்

1892 பிப்ரவரி 20 அன்று லண்டன் செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் ஆஸ்கார் வைல்டின் 'லேடி விண்டர்மியர்ஸ் ஃபேன்' நாடகம் முதன்முறையாக மேடையேறியது. அன்று அவருடைய நண்பர்கள் சிலர் கோட்டின் பொத்தான் துளையில் பச்சைநிறக் கார்னேஷன் பூவைச் செருகி வந்திருந்தனர். வெள்ளைப் பூவின் காம்பைச் சாயநீரில் நிறுத்தி வைத்து ஏற்றிய நிறம் அது. அந்தப் பூவுக்குப் பொருள் ஏதும் இல்லை என்றே வைல்ட் கூறியதாக, ஓவியர் கிரகாம் ராபர்ட்சன் பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார்.

வெட்சி, கரந்தை எனப் பூவின் பெயரால் போரை வகுத்த மரபில் வந்த நமக்கு, சூடும் பூ ஒரு செய்தி என்பது புதிதன்று. ஆனால் வெட்சி பகைவனும் காணவே சூடப்பட்டது. பச்சைக் கார்னேஷனின் இயல்பு வேறு. அறிந்தவருக்கு அது எதையோ உணர்த்தும். அறியாதவர் வினவினால் வெறும் அலங்காரம் என்று சொல்லி நகர்ந்துவிடலாம்.

இந்த இரட்டைத்தன்மையின் தேவையை விளங்கிக்கொள்ள அக்காலச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1885இல் பிரிட்டன் இயற்றிய குற்றவியல் திருத்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, ஆண்களுக்கிடையேயான உறவைப் பொதுவிடம், தனியிடம் என்ற வேறுபாடின்றித் தண்டனைக்குரியதாக்கியது. ஈராண்டு வரை கடுங்காவல் விதிக்கலாம். எழுதிய கடிதம் நீதிமன்றத்தில் சான்றாகும். அதற்கு முன்பே மிரட்டிப் பணம் பறிப்போரின் கைக்குப் போய்விடும். பூவோ ஒன்றையும் ஒப்புக்கொள்வதில்லை. தன்பாலீர்ப்பாளர்கள் உடையையும் அணியையும் மொழியாக்கிக்கொண்டதற்கு அதுவே காரணம் எனலாம்.

அம்மொழிக்கு ஆயுள் குறைவு. வைல்டின் வட்டத்தோடு பழகிய ராபர்ட் ஹிச்சன்ஸ் 1894இல் 'தி கிரீன் கார்னேஷன்' என்ற அங்கத நாவலைத் தம் பெயரின்றி வெளியிட்டார். வைல்டையும் ஆல்ஃபிரட் டக்ளஸையும் அதில் எவரும் அடையாளம் காண முடிந்தது. அதன் பிறகு அந்தப் பூவை வெறும் அலங்காரம் என்று சொல்வது கடினமாயிற்று. 1895 மே 25இல் வைல்டுக்கு ஈராண்டு கடுங்காவல் விதிக்கப்பட்டது. பூ அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை. ஆனால் அதன் மறைப்பு அதற்கு முன்பே கிழிந்துவிட்டது.

அட்லாண்டிக்கின் மறுகரையில் சிவப்பு டைக்கும் இதே கதி நேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து அமெரிக்க நகரங்களில் அது ஒரு குறியாக விளங்கியது. ஹேவ்லாக் எல்லிஸ் 1915இல் வெளிவந்த தம் நூற்பதிப்பில் இதைப் பதிவு செய்கிறார். சிவப்பு டை அணிந்து தெருவில் சென்றால் செய்தித்தாள் விற்கும் சிறுவர்கள்கூடக் கேலி செய்வார்களாம். மருத்துவ நூலில் இடம்பெறும்போதே குறி தெருவுக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

எனினும் தெரிந்துவிட்ட குறிகூட எல்லோர் கண்ணிலும் படுவதில்லை. 1934இல் பால் காட்மஸ் வரைந்த 'தி ஃப்ளீட்ஸ் இன்!' ஓவியத்தில், கரையிறங்கிய மாலுமிகளும் பெண்களும் களியாட்டத்தில் திளைக்கின்றனர். அவர்களிடையே சிவப்பு டை அணிந்த ஒருவர் ஒரு மாலுமிக்குச் சிகரெட் நீட்டுகிறார். அமெரிக்கக் கடற்படை சினந்து, வாஷிங்டன் கார்கரன் கலைக்கூடக் கண்காட்சியிலிருந்து அவ்வோவியத்தை அகற்றச் செய்தது. மாலுமிகளின் குடிவெறியே அன்று பெரும் குற்றச்சாட்டாக எழுந்தது. சிவப்பு டை சொன்னதை விரிவாகப் பேசியவர்கள் பின்வந்த ஆய்வாளர்களே.

இங்கே வரலாற்றெழுத்தின் சிக்கல் ஒன்று புலப்படுகிறது. இக்குறிகளை நமக்கு அறியத் தந்தவர்கள் யார்? அங்கதக்காரர், மருத்துவர், காவலர், எப்போதாவது ஓர் ஓவியர். அதாவது, பெரும்பாலும் பிறரிடம் பிடிபட்ட குறிகளே ஏட்டில் ஏறின. தம் பணியைச் செவ்வனே செய்த குறிகள் எவர் ஏட்டிலும் ஏறாமல், அணிந்தவரோடு மறைந்தன.

இது இங்கிலாந்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. அதே பேரரசு 1860இல் இந்தியாவுக்குத் தந்த தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, 2018 செப்டம்பர் 6 வரை வயதுவந்தோரின் இசைவான உறவையும் குற்றமாகவே வைத்திருந்தது. 'நம்மிடையே முன்பு இப்படியானவர்கள் இருந்ததில்லை' என்று சொல்வோர் சான்று இல்லாமையையே சான்றாகக் காட்டுகின்றனர். சான்று விடாமல் வாழ்வதே உயிர்பிழைக்கும் வழியாக இருந்த ஒரு காலத்திடம் சான்று கேட்கிறோம் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.