பேரிடரும் பட்டாவும்

தமிழ்நாட்டில் புயல் வந்தாலும் வெள்ளம் வந்தாலும் உத்தரவு புறப்படுகிற இடம் சென்னை சேப்பாக்கத்தில் இருக்கும் எழிலகம். 1070க்கு போன் போட்டால் மணி அடிப்பது அங்கேதான். வருவாய்த் துறையே பேரிடர் மேலாண்மைத் துறையாகவும் இருக்கிறது. நிலவரிக் கணக்குப் பார்த்த அலுவலகத்துக்கும் புயலுக்கும் என்ன சம்பந்தம் என்று நாம் கேட்டதில்லை. கேட்க வேண்டும். ஏனென்றால் சேரிக்கு நிவாரணம் வராததன் வரலாறு அந்தச் சம்பந்தத்துக்குள்தான் இருக்கிறது.

1786இல் கம்பெனி ஆட்சி அமைத்த வருவாய் வாரியத்தின் வாரிசு இந்த அலுவலகம். 1980இல் வாரியம் கலைந்து ஆணையரகம் வந்தது. நிலத்தை வைத்து மனுசனை எண்ணுகிற பழக்கம் மட்டும் கலையவில்லை.

1858இல் சென்னை மாகாணத்துக்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ உடையப்போகிறது என்றால், அக்கம்பக்கத்து உழைக்கும் வகுப்புகளின் திடகாத்திரமான ஆண்களைக் கட்டாயமாக வேலைக்குக் கூப்பிடலாம். மறுத்தால் தண்டனை. உடைப்பில் மூழ்கப்போவது மிராசுதாரின் நெல். மண் சுமக்க வேண்டியது நம் தோள். நம்முடைய அவசரகாலச் சட்டம் தொடங்கியது இப்படித்தான். பல ஊர்களில் மதகு திறந்து மூடிய நீர்க்கட்டியும், தண்டோரா போட்ட வெட்டியானும் நம்மவர்கள்தான். "கரை உடையுதுன்னா மொதல்ல நம்ம தெருவுலதான் வந்து தட்டுவாங்க. தண்ணி வடிஞ்சா ஒருத்தன் எட்டிப் பாக்கமாட்டான்" என்பார் எங்க தாத்தா. தண்டோராவை நிறுத்தச் சொல்லித் தலைமைச் செயலர் கடிதம் எழுதியது 2022இல்.

1876-78 தாது வருசப் பஞ்சத்தில், நிவாரண வேலை செய்தவனுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கணக்குப் போட்டார் ரிச்சர்ட் டெம்பிள். அது மனுசனைக் கொல்லுகிற அளவு என்று எதிர்த்தார் மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்த் துண்டு அந்தப் பஞ்சக் கூலியில் வெட்டியது. பஞ்சத்தில் அதிகம் அடிபட்டவர்கள் நிலமற்ற விவசாயக் கூலிகள் என்று 1880இன் பஞ்சக் கமிஷனே எழுதியது. 1883இல் பஞ்சச் சட்டத்தொகுப்பு வந்தது: மழையைக் கவனி, விலைவாசியைக் கவனி, நிவாரண வேலைகளை முன்கூட்டியே பட்டியல் போடு. முன்னேற்பாடு என்ற நிர்வாகச் சொல்லுக்கு இங்கே அதுதான் வேர். ஆனால் பஞ்சத்தில் முதலில் சாகிறவனுக்கு ஏன் நிலம் இல்லை என்ற கேள்வி அதற்குள் இல்லை.

அந்தக் கேள்வியை 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் எழுப்பினார். பறையர்கள் நிலம் வாங்கவிடாமல், குடியிருக்கும் மனைகூடச் சொந்தமாகவிடாமல் மிராசுதாரர்கள் தடுப்பதை அறிக்கையாக எழுதினார். வருவாய் வாரியம் அதை வரவேற்கவில்லை. ஆனாலும் 1892 செப்டம்பர் 30 அரசாணையிலிருந்து பஞ்சமி நிலம் பிறந்தது. பிறகு அது கைமாறிப்போன கதை நமக்குத் தெரியும். நிலம் போனதோடு பஞ்சத்தையும் வெள்ளத்தையும் தாங்குகிற சக்தியும் போனது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்கு எச்சரிக்கையே இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். பிணங்களை அள்ள வெளியூர்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். 1858இன் வாசனை இதில் அடிக்கவில்லையா? படகும் வலையும் இழப்புப் பட்டியலில் ஏறின. ஏற வேண்டியவைதான். உப்பேறிய வயலில் கூலி வேலை இழந்த சேரி ஜனங்களோ அந்தப் பட்டியலில் இடம்பெறப் போராட வேண்டியிருந்தது.

2018 நவம்பர் 16 கஜா புயலில் பல்லாயிரம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தி உயிர்களைக் காப்பாற்றினார்கள். இதை நாம் மறுக்கக் கூடாது. எச்சரிக்கை இப்போது சேரிக்கும் வருகிறது. சிக்கல் புயலுக்கு மறுநாள் தொடங்குகிறது. கிராம நிர்வாக அலுவலர் அடங்கலைத் திறக்கிறார். சாய்ந்த தென்னைக்கு மரக்கணக்கில் பணம், உரிமையாளருக்கு. அதே தோப்பில் மரமேறிய கூலிக்காரரின் போன வேலையை எழுத அந்த ரிஜிஸ்டரில் பத்தியே கிடையாது. பட்டா இல்லாதவனுக்கு நட்டமும் இல்லையாம்.

2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, நிவாரணத்தில் சாதி பார்க்கக் கூடாது என்கிறது. 31ஆம் பிரிவு, மாவட்டத் திட்டத்தை ஆண்டுதோறும் திருத்தச் சொல்கிறது. நமக்கு வேலை அங்கே இருக்கிறது. ஒவ்வொரு ஐப்பசிக்கும் முன்னால் தாசில்தார் அலுவலகத்துக்குப் போவோம். நம் தெரு தாழ்வான பகுதிப் பட்டியலில் இருக்கிறதா, முகாம் எந்தக் கட்டடம், அதன் சாவி எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்போம். பட்டா இல்லாத குடும்பங்களின் பெயர், வீடு, ஆடுமாடு, கூலி எல்லாவற்றையும் நாமே எழுதி, மனுவாகக் கொடுத்து, முத்திரையோடு ரசீது வாங்கி வைப்போம். மழைக்குப் பிறகு எழுதும் மனு பிச்சை கேட்பதுபோல் ஆகிவிடும். மழைக்கு முன்னால் கொடுத்தால் அதுவே சாட்சி.