நாற்பது திருடரை வென்ற அடிமைப் பெண்

பொன்னேரியிலே ஒரு ஞாயிற்றுக்கிழமை. நண்பர் இல்லத்தில் விருந்து முடிந்தது. வெற்றிலைத் தட்டு நடுவிலே, வீட்டார் சுற்றிலும், தொலைக்காட்சிப் பெட்டியிலே பழைய படமொன்று! மாடர்ன் தியேட்டர்சார் தந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. 1956ஆம் ஆண்டு பொங்கல் நாளன்று வெளிவந்த படம். முழுநீளமும் வண்ணத்தில் அமைந்த முதல் தமிழ்ப் படம் என்ற பெருமை பெற்றது. டி. ஆர். சுந்தரம் இயக்கம், எம்.ஜி.ஆர். அலிபாபா, பானுமதி மார்ஜியானா, பி. எஸ். வீரப்பா கொள்ளையர் தலைவன்.

நண்பரின் தந்தையார் எண்பதைத் தொட்டவர். படம் புதிதாக வந்தபோது டூரிங் கொட்டகையின் மணல்தரையில் அமர்ந்து பார்த்தவர். “கறுப்பும் வெளுப்பும் தவிர வேறொன்றும் திரையில் கண்டறியாத எங்களுக்கு, அன்றைக்கு அந்தக் குகை திறந்தபோது கண் கூசிற்று! இன்றைக்கு எத்தனை கோடி கொட்டி எடுத்தாலும் அந்தக் கூச்சம் வருமா?” என்றார். அவருக்குப் படம் என்றால் வண்ணம். வண்ணம் என்றால் எம்.ஜி.ஆர்.; அதற்கு மேல் விவாதம் வேண்டியதில்லை.

அவருடைய பேத்தி விடவில்லை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் பணிபுரியும் பெண் அவர். பள்ளிப் பருவத்திலே கதையைப் படித்திருக்கிறார். “தாத்தா, நான் படித்த கதையில் அலிபாபா வாளே எடுக்கவில்லை. கடைசியில் கத்தி வீசியவள் மார்ஜியானா. உங்கள் படத்தில் அவளை ஆட விட்டுவிட்டு, சண்டையை மட்டும் அவருக்குக் கொடுத்துவிட்டார்களே!”

“ஆகா! எம்.ஜி.ஆரை வைத்துப் படமெடுத்துவிட்டு, அவரைச் சும்மா உட்கார வைப்பார்களா, அம்மா?” என்றார் கிழவர். அவையில் சிரிப்பு.

நண்பர் இடையே புகுந்தார். “இருவர் சொல்வதும் இருக்கட்டும். மூலத்தைச் சிதைத்துவிட்டார்கள் என்பதுதான் என் குறை” என்றார். மூலம்! அந்தச் சொல்தான் என்னைச் சிந்திக்க வைத்தது. எதைச் சொன்னாலும் மூலம் எங்கே, முதல் எங்கே என்று கேட்டுப் பழகியவர்களல்லவா நாம்! சாத்திரத்தின் மூலத்தைத் தேடுபவன் சிறுவர் கதையின் மூலத்தைத் தேடாமல் விடலாமா? தேடினேன், தோழர்களே. தேடக் கிடைத்தது, படத்தைவிடச் சுவையான வரலாறு.

‘ஆயிரத்தோர் இரவுகள்’ என்னும் அரபுக் கதைத் தொகுதியைச் சேர்ந்தது அலிபாபா கதை என்பது உலகத்தார் நம்பிக்கை. அந்தத் தொகுதியின் பழைய அரபு ஏடுகளிலோ அலிபாபா இல்லை! அலாவுதீனும் இல்லை! பிரெஞ்சு நாட்டு அறிஞர் அந்துவான் கல்லான் அத்தொகுதியைத் தம் மொழியில் பெயர்த்து வந்தார். கையிலிருந்த ஏடு தீர்ந்தது. வாசகரின் பசி தீரவில்லை. அவ்வேளை, 1709ஆம் ஆண்டில், பாரிஸ் நகரில் ஓர் இளைஞனைச் சந்தித்தார். பெயர் ஹன்னா தியாப். சிரியா நாட்டு அலெப்போ நகரத்தவன்; மரோனியக் கிறித்தவன்; பிரெஞ்சுப் பயணி ஒருவருடன் கடல் கடந்து வந்தவன். அவன் வாய்மொழியாகச் சொன்னான், கல்லான் குறிப்பெடுத்தார், பின்னர் விரித்தெழுதினார். 1717இல் அது அச்சேறியது. கல்லான் 1715இலேயே மறைந்துவிட்டார். கதை தந்த ஹன்னா தியாபின் பெயரோ நூலில் இடம் பெறவே இல்லை.

பின்னொரு காலத்தில், அரபு மொழியிலேயே அலிபாபா ஏடு கிடைத்துவிட்டது என்று ஆக்ஸ்ஃபோர்டு நூலகத்திலிருந்து ஓர் ஆரவாரம் எழுந்தது. ஆராய்ந்தார்கள். பிரெஞ்சிலிருந்து அரபுக்குப் பெயர்க்கப்பட்ட ஏடு அது என்று வெளிப்பட்டது! பழமை என்று நீட்டப்படும் ஏட்டையெல்லாம் பழமை என்றே ஏற்றுக்கொள்ளாதே என்று நாம் சொன்னால் சினம் கொள்வோர், இந்த ஒரு செய்தியையாவது நினைவில் வைக்கட்டும். ஹன்னா தியாப் எழுதிய தன் வரலாறு வத்திக்கான் நூலகத்தில் நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது. அறிஞர்கள் அதை அடையாளம் கண்டது 1990களில். அச்சில் பிரெஞ்சு வடிவம் கண்டது 2015இல். கதை சொன்னவன் வெளிச்சத்துக்கு வர முந்நூறு ஆண்டுகள்!

இதைவிட வியப்பு ஒன்று உண்டு. கல்லான் நூலில் அச்சான தலைப்பு என்ன தெரியுமா? ‘அலிபாபாவும், ஓர் அடிமைப் பெண்ணால் அழிக்கப்பட்ட நாற்பது திருடர்களும்’ என்பது அதன் பொருள். தம் நாட்குறிப்பிலே கல்லான் எழுதிய முதற் குறிப்போ மார்ஜியானாவின் சாதுரியத்தையே தலைப்பின் முதலில் நிறுத்தியது. அங்கே அலிபாபாவுக்குத் தலைப்பில் இடமே இல்லை! பின்னே வந்த பதிப்பாளர்கள் தலைப்பு நீளம் என்று கருதினார்கள் போலும். வெட்டினார்கள். வெட்டுண்டது எது? அலிபாபா இருந்தான், நாற்பது திருடர் இருந்தனர், அடிமைப் பெண் போனாள்! திருடனுக்குக் கிடைத்த இடம்கூட, திருடனை வென்றவளுக்குக் கிடைக்கவில்லை.

கதையை ஒருமுறை நினைவூட்டிப் பாருங்கள். விறகு வெட்டி பொருள் கண்டான்; தற்செயல். அவன் அண்ணன் காசிம் பேராசையால் குகைக்குள் போனான், உள்ளே சென்றதும் கதவைத் திறக்கும் சொல்லை மறந்தான், மாண்டான். கதை முழுவதிலும் மந்திரம் என்று ஒன்றிருந்தால் அது அந்தக் கதவு மட்டுமே. அதை அறிந்தவன் செத்தான். அதன்பின் எந்த மந்திரமும் யாரையும் காப்பாற்றவில்லை. காப்பாற்றியது அந்த அடிமைப் பெண்ணின் மூளை! திருடன் ஒருவன் வீட்டுக் கதவில் சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டான். அவள் அக்கம்பக்கத்துக் கதவுகளிலெல்லாம் அதே அடையாளத்தை இட்டாள். மறுமுறை சிவப்பிலே குறித்தான் இன்னொருவன். அவளும் சிவப்பிலே குறித்தாள். எண்ணெய் வணிகனாக வந்த தலைவன் முப்பத்தெட்டுச் சாடிகளைக் கொணர்ந்தான்; ஒன்றில் எண்ணெய், மற்றவற்றில் ஆள். விளக்குக்கு எண்ணெய் எடுக்கப் போனவள் குரல் கேட்டாள், குழம்பவில்லை, கூவவில்லை, காரியம் முடித்தாள். முப்பத்தேழு பேரைக் கொதிக்கும் எண்ணெயால் கொன்றதைக் குழந்தைகளுக்குச் சொல்லலாமா என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. கேட்கத்தக்க கேள்விதான். நம் புராணங்களைக் குழந்தைகளுக்குச் சொல்லும்போது மட்டும் அந்தக் கேள்வி எழாதிருப்பதுதான் விந்தை.

தலைவன் மீண்டும் மாறுவேடத்தில் விருந்தினனாக வந்தான். உப்பில்லாத உணவு வேண்டும் என்றான். உப்புண்டால் அந்த வீட்டாருக்குத் தீங்கு செய்யலாகாது என்பது அந்நாட்டு வழக்கம். நம் ஊரிலும் உப்பிட்டவரை மறவாதே என்பார்களே, அதே பண்பு! ‘உப்பு வேண்டாம் என்பவன் ஏன் வந்தான்?’ — அந்த ஒரு கேள்வியிலே வேடம் கலைந்தது. ஏன், எதற்கு, எப்படி என்று கேட்டவள் அந்த வீட்டிலே அவள் ஒருத்திதான்.

இத்தகைய கதையைத் திரைக்காரர்கள் என்ன செய்தார்கள்? 1944இல் ஹாலிவுட்டார் எடுத்தனர். அதில் அலிபாபா விறகு வெட்டியே அல்லன், கலீபாவின் மகன்! உழைப்பவன் கதாநாயகனாக இருப்பதைக்கூடப் பொறுக்க முடியவில்லை. அரச குருதி தேவைப்பட்டது. வங்கத்தில் சீரோத் பிரசாத் வித்யாவினோத் 1897இல் நாடகமாக்கினார். அங்கே மர்ஜீனாவும் அப்தல்லாவும், இரு அடிமைகள், மக்கள் மனத்தில் நின்றனர். அதுவே 1937இல் மது போஸ் இயக்கத்தில் படமாகி, சாதனா போஸ் மர்ஜீனாவாக ஆடினார். தமிழில் 1941இல் கலைவாணர் என்.எஸ்.கே. அலிபாபாவாகவும் மதுரம் அம்மையார் இணையாகவும் நடித்த படம் வந்தது. 1956 படமோ, கதையில் மகனுக்கு மணமுடிக்கப்பட்ட மார்ஜியானாவை அலிபாபாவின் காதலியாக்கியது. வீரப்பாவின் சிரிப்பும் எம்.ஜி.ஆரின் வாளும் மோதும் முடிவுக்காகவே மக்கள் காத்திருந்தார்கள் என்பதையும் மறுப்பதற்கில்லை. பானுமதி ஒருவர் இருந்ததால்தான், அந்த வாள்வீச்சின் நடுவிலும் மார்ஜியானா நிமிர்ந்து நிற்கிறாள். ஏவலுக்குக் காத்திருப்பவளின் பார்வையா அது? எதிரியை எடைபோடும் பார்வை!

ஆகவே பேத்தி சொன்னது பாதி சரி. பெரியவர் சொன்னதும் பாதி சரி. நண்பர் தேடிய மூலமோ ஒரு சிரிய இளைஞனின் நாவிலிருந்து காற்றில் கலந்த குரல்.

‘அடிமைப் பெண்’ என்ற சொல்லைக் கேட்டதும் அங்கிருந்தோர் அதைப் பாக்தாத் சங்கதியாகவே கொண்டனர். நான் அவர்களிடம் பழவேற்காட்டைக் காட்டினேன். பொன்னேரியிலிருந்து பேருந்தேறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் ஊர். மீன் வாங்கப் போவார்கள், ஏரியைக் காணப் போவார்கள், டச்சுக்காரர் கல்லறைகளில் செதுக்கிய மண்டையோட்டைப் படம்பிடிக்கப் போவார்கள். 1613இல் அங்கே டச்சுக்காரர் கெல்த்ரியா கோட்டையை எழுப்பினர். துணி ஏற்றுமதியை ஊரே பேசும். ஏற்றுமதியான மனிதரைப் பேசுவோர் எத்தனை பேர்? பதினேழாம் நூற்றாண்டிலே பஞ்சமும் போரும் சூழ்ந்த வேளைகளில், இந்தச் சோழமண்டலக் கரையிலிருந்து ஆணும் பெண்ணும் குழந்தையும் ஆயிரக்கணக்கில் விலைக்கு வாங்கப்பட்டு, பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அந்த வாணிபத்துக்குப் பழவேற்காடும் ஒரு வாயில். தம்மையே கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்களைப் பற்றிச் சோழர் காலக் கல்வெட்டுகள் பேசுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளையன் வந்துதான் அந்த வழக்கத்தைக் கற்பித்தான் என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

1843இல் சட்டம் வந்தது: அடிமை என்ற உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றது. 1860இன் தண்டனைச் சட்டம் மனிதரை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்றது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்துக்கு 1976 வரை காத்திருக்க நேர்ந்தது. அதற்குப் பின்னும் இந்தத் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளையிலிருந்தும் அரிசி ஆலையிலிருந்தும் இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்ட செய்தியைப் படித்திருக்கிறோம். சில ஆயிரம் ரூபாய் முன்பணம். அதற்கு ஈடாக ஒரு குடும்பத்தின் பல்லாண்டு உழைப்பு! கல்லான் கதையிலே, சாடித் திருடர் அழிந்த மறுநாளே அலிபாபா மார்ஜியானாவுக்கு விடுதலை அளித்துவிடுகிறான். உயிர் காத்தபின் வந்த விடுதலை அது. உயிர் காக்கும் வாய்ப்புக் கிட்டாத மற்ற அடிமைகளுக்கு என்ன வழி என்று கதை சொல்லவில்லை.

பேசி முடிப்பதற்குள் படம் முடிந்து விளம்பரம் வந்துவிட்டது. பெரியவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு பேத்தியைப் பார்த்து, “ஏனம்மா, அந்தச் சாடிக் காட்சி வந்தபோது நான் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். இதை மறுபடி எப்போது போடுவார்கள்?” என்று கேட்டார்.

“கைப்பேசியிலேயே இருக்கிறது, தாத்தா” என்றாள் அவள். இருவரும் சாடிக் காட்சியைத் தேடலாயினர்.