ஆற்றுக்கு அப்பால் ஒரு காஞ்சி

காஞ்சி என்றதும் பட்டும் கோபுரங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. மாணவ நண்பர்களே, வேகவதியாற்றுக்கு அப்பாலுள்ள திருப்பருத்திக்குன்றத்தைப் பற்றி இன்று கூற விழைகிறேன். ஜினகாஞ்சி என்னும் புறநகர் அது.

ஆறாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் சிம்மவர்மன் இவ்வூர் வச்சிரநந்தி முனிவருக்கு ஊர்க்கொடை அளித்த செய்தியைப் பள்ளன்கோயில் செப்பேடு தெரிவிக்கிறது. இங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலில் 1387ஆம் ஆண்டு சங்கீத மண்டபம் எழுப்பியவர் இருகப்பர். விசயநகரப் பேரரசின் அமைச்சராக விளங்கிய அவர் ஒரு சமணர். சைவமும் வைணவமும் ஓங்கிய நகரின் அருகே சமணமும் அரசியல் ஆதரவுடன் வாழ்ந்தது என்பதற்கு இம்மண்டபமே சான்று.

அதன் விதானத்தில் ரிஷபதேவர், நேமிநாதர் வரலாறுகள் வண்ண ஓவியங்களாக விரிகின்றன. அவற்றுள் பல இன்று மங்கிவிட்டன. கல்லெழுத்து நெடுநாள் நிலைக்கும். சுதைமேல் தீட்டிய வண்ணமோ காப்பாரின்றி நிலையாது. காஞ்சியை முழுமையாக அறிய விரும்புவோர் ஆற்றைக் கடந்து இதனையும் காணல் வேண்டும்.