ஒரு விமானி அன்னைக்குப் போடாத காகிள்ஸ்

உங்க அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கா? கண்ணுக்குள்ள ஒரு குட்டி லென்ஸ் வச்சிருப்பாங்க. அந்த லென்ஸுக்கும் போர் விமானியோட ஹெல்மெட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கு. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையா வாசிங்க.

இரண்டாம் உலகப்போர் படங்கள்ல பிரிட்டிஷ் விமானிங்க போட்டிருக்கற பழுப்புத் தோல் ஹெல்மெட்டைப் பார்த்திருப்பீங்க. 'டைப் பி' ன்னு பேர். பேருதான் ஹெல்மெட். மண்டையில பலமா அடி விழுந்தா தாங்காது. வெறும் தோலும் உள்துணியும்தான்.

அப்புறம் எதுக்கு அது?

முதல் காரணம் குளிர். 20,000 அடி உயரத்துல வெளிய சுமார் மைனஸ் 25 டிகிரி.

இரண்டாவது காது. இன்ஜின் இரைச்சல்ல ரேடியோ கேக்கணும். அதனால காதுப் பக்கம் ஜிப் வச்ச பைகள், அதுக்குள்ள இயர்போன். அடுத்து வந்த 'டைப் சி' யில இயர்போனுக்கு ரப்பர் கூடு வந்துச்சு. வெயில் நாடுகளுக்குத் துணியில தச்சு, பின்னங்கழுத்தை மறைக்கிற மாதிரி 'டைப் டி'. ஜெர்மானியர்கள் கோடைக்கு உச்சியில வலைத்துணி வச்ச ஹெல்மெட் போட்டாங்க.

மூன்றாவதுதான் உயிர் பிரச்சினை. ஆக்ஸிஜன்.

உயரத்துல ஆக்ஸிஜன் குறைஞ்சா மூச்சு முட்டும்னு நினைப்போம். பல நேரம் அப்படி நடக்காது. மூச்சு முட்டுற உணர்வைப் பெரும்பாலும் தர்றது கார்பன் டை ஆக்சைடு. அது வெளிய போயிக்கிட்டேதான் இருக்கும். அதனால விமானிக்கு உற்சாகமாக்கூட இருக்கும், புத்தி மட்டும் மழுங்கும். தான் மயங்கப் போறதே அவருக்குத் தெரியாது. அதனாலதான் முகத்துல மாஸ்க். பேசற மைக்கும் அதுக்குள்ளதான்.

கடைசியா காகிள்ஸ். எதிரி விமானத்தைத் தேடும்போது பார்வையை மறைக்குதுன்னு பல பேர் நெத்திக்கு மேல தூக்கி விட்டுடுவாங்க.

இதோட விலையைத் தீக்காய வார்டுல பார்த்தவர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ. ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மருத்துவமனையில பிளாஸ்டிக் சர்ஜன். தோல் மூடியிருந்த தலை தப்பிச்சிருக்கும். கண்ணிமை, மூக்கு, கையுறை போடாத கை எல்லாம் வெந்திருக்கும்.

1940 ஆகஸ்ட் 15. கார்டன் கிளீவர்ங்கிற விமானி காகிள்ஸ் இல்லாம ஹரிக்கேன் விமானத்துல பறந்தார். குண்டு பட்டு, காக்பிட்டை மூடியிருந்த பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் சிதறி ரெண்டு கண்ணுலயும் பாய்ஞ்சது. பாராசூட்ல குதிச்சு உயிர் தப்பினார். ஒரு கண் போயிடுச்சு, இன்னொன்னும் கடுமையா பாதிச்சது.

அவருக்கு சிகிச்சை தந்த கண் மருத்துவர்கள்ல ஒருத்தர் ஹெரால்ட் ரிட்லி. இப்படி அடிபட்ட விமானிகள்கிட்ட அவர் ஒண்ணு கவனிச்சார். வேற பொருள் கண்ணுல போனா கண் சிவந்து புண்ணாகும். பெர்ஸ்பெக்ஸ் துணுக்கு மட்டும் உள்ளேயே சும்மா கிடக்குது, கண் அதை எதிர்க்கல.

அந்தக் காலத்துல புரையான லென்ஸை எடுத்துட்டு, சோடாபுட்டிக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்புவாங்க. எடுத்த இடத்துல பெர்ஸ்பெக்ஸ்ல லென்ஸ் செஞ்சு வச்சா என்ன?

1949 நவம்பர் 29, லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனை. ரிட்லி முதல் செயற்கை லென்ஸை வச்சார். பாராட்டு கிடைக்கல. 'கண்ணுல இருக்கறதை எடுக்கறதுதான் நம்ம வேலை, உள்ள திணிக்கறது இல்ல'ங்கிற மனநிலையில பெரிய மருத்துவர்களே எதிர்த்தாங்க. பல வருஷம் ஆச்சு ஏத்துக்க.

1992 ல மதுரையில அரவிந்த் கண் மருத்துவமனையோட அரோலேப் ஆரம்பிச்சு, குறைந்த விலையில லென்ஸ் செய்யத் தொடங்குச்சு. நம்ம கிராமத்துத் தாத்தா பாட்டிக்கும் அது கிடைச்சது.

கிளீவர்? மிச்சம் இருந்த அந்த ஒத்தைக் கண்ணுலயும் புரை வந்துச்சு. 1987 ல அதை எடுத்துட்டு உள்ளே செயற்கை லென்ஸ் வச்சாங்க. பார்வை திரும்புச்சு.

கடைசியா ஒண்ணு. கிளீவர் கதை நல்லபடியா முடிஞ்சதுக்காக நாம அந்த ரிஸ்க் எடுக்க வேண்டாம். பைக் எடுக்கும்போது ஹெல்மெட்டைத் தலையில மாட்டினா மட்டும் போதாது. ஸ்ட்ராப்பைப் போடுங்க, வைசரை இறக்குங்க.