பரங்கிப்பேட்டை இரும்பும் வலைவாசலும்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே, கடலோரப் பரங்கிப்பேட்டையில், 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் இரும்பாலை நிறுவினார். இரும்பு தரமானது, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு வரை சென்றது. ஆனால் சேலத்துத் தாதுவையும் காட்டு மரக்கரியையும் கொண்டுவரும் செலவு கட்டுப்படியாகவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி தந்த கடனாலும் பயனில்லை. 1860களில் உலைகள் அணைந்தன.

சரக்கு நன்றாயிருப்பது வேறு, வணிகம் நிலைப்பது வேறு. இதனை நாம் மீண்டும் கண்டது இணையத்தில். 1999 நவம்பரில் சென்னையின் சத்யம் இன்ஃபோவே, ராஜேஷ் ஜெயினின் இந்தியாவேர்ல்டு வலைவாசலை 499 கோடி ரூபாய்க்கு வாங்க முன்வந்தது. அதன் வருமானத்தை நோக்க, விலை பன்மடங்கு. 2000 மார்ச்சுக்குப் பின் நாஸ்டாக் சரிந்தபோது, இலவசமாகச் செய்தி தரும் தளம் எதைக்கொண்டு பிழைக்கும் என்ற ஐயம் பரவியது.

ஐயம் நியாயமானதே. ஆயினும் அதை வணிகத்தோடு நிறுத்தாமல் இணையத்தின்மேலேயே ஏற்றியவர்கள் தவறினார்கள். வாசகர்கள் பெருகினார்கள். வாங்கிய நிறுவனம் சிஃபி என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது. அதைத் தாங்குபவை வலையமைப்பும் தரவு மையங்களும். வாசிப்பு நிலைத்துவிட்டது, அதற்கு யார் விலை தருவது என்னும் அன்றைய கேள்வியோ நம்மை விட்டு இன்னும் அகலவில்லை.