தவழும் காலின் சலங்கை

தவழத் தொடங்கிய குழந்தையின் கைக்கு எட்டுவதெல்லாம் வாய்க்குப் போகும் என்பது எந்த ஊர்த் தாய்க்கும் தெரிந்ததே. அந்த ஆபத்தைத் தடுக்கக் குழந்தையின் உடம்பில் எதை அணிவிப்பது என்பதில்தான் மரபுகள் வேறுபடுகின்றன. சேர்வராயன் மலையடிவாரத்திலிருந்து காவிரிக்கரை வரை விரியும் சேலம், நாமக்கல் சமவெளி, 1997இல் இரண்டு மாவட்டங்களாகப் பிரியும்வரை ஒரே மாவட்டமாக இருந்த நிலம், கையையும் வாயையும் மறைக்கும் உடையை நாடவில்லை. குழந்தை எந்த மூலைக்கு நகர்ந்தது, எப்போது அரவம் அடங்கியது என்பதை வீட்டாரின் காதுக்குச் சொல்லும் அணியையே நம்பியது.

காலில் கட்டும் அந்தச் சலங்கை அணியின் பழைய பெயர் கிண்கிணி. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைப் பற்றி இடைக்குன்றூர் கிழார் பாடிய புறநானூற்று 77ஆம் பாட்டு, கிண்கிணி கழற்றிய காலில் வீரக்கழல் ஏறியதையும், கழுத்திலிருந்த தாலி இன்னும் களையப்படாததையும் சொல்லி, அரசனின் இளமையைக் காட்டுகிறது. அங்குத் தாலி என்பது திருமாலின் ஐந்து படைக்கலங்களைச் சிற்றுருவாகக் கோத்த ஐம்படைத்தாலி, அதாவது குழந்தைக்கான காப்பணி. பிற்காலப் பிள்ளைத்தமிழ் நூல்கள் காப்புப் பருவத்தை முதலிலும், குழந்தை கையூன்றி ஒருகால் நீட்டித் தலையசைக்கும் செங்கீரைப் பருவத்தை அடுத்தும் வைத்தன. அழகும் காப்பும் நூல்களில் நிறையப் பேசப்படுகின்றன. ஒலி ஒரு காவல் என்பது பாட்டில் இடம்பெறும் பொருளாக அல்லாமல் வீட்டு வழக்காகவே நின்றுவிட்டதாகத் தோன்றுகிறது.

ஒலிக்கும் அணிகளின் அமைப்பைக் கூர்ந்து பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். சிலம்பிலும் தண்டையிலும் ஓசை தரும் பரல்கள், அதாவது சிறு மணிகள், உள்ளீடற்ற வளையத்துக்குள் அடைபட்டிருக்கும். வளையம் உடைந்தாலொழிய அவை வெளியே வரா. கொலுசோ கண்ணிகளைக் கோத்த சங்கிலி. அதன் சலங்கைகள் சிறு வளையங்களால் வெளியே தொங்குகின்றன. ஒவ்வொரு சலங்கையின் பிளவும் உள்ளிருக்கும் மணியைவிடக் குறுகலாக இருப்பதால் மணி தப்பாது. ஆனால் தொங்கும் வளையத்தின் பற்று விட்டுப்போனால் சலங்கை முழுதாகவே தரையில் விழும். குழந்தையைக் காக்க வந்த பொருளே குழந்தை விழுங்கும் பொருளாகிவிடும்.

செவ்வாய்ப்பேட்டையை மையமாகக் கொண்டு வளர்ந்த சேலத்து வெள்ளிக் கொலுசுத் தொழிலில் இந்தப் பற்றுதான் உயிர்நிலை. வெள்ளியை உருக்குவது, கம்பி இழுப்பது, கண்ணி கோப்பது, சலங்கை செய்வது, மெருகேற்றுவது என வேலை பல கைகளுக்குப் பிரிந்து, அதில் பெரும்பகுதி வீடுகளோடு ஒட்டிய பட்டறைகளிலேயே நடக்கிறது. பற்றவைக்கும் உலோகக் கலவையான பற்றாசை வெங்காரத்தோடு வைத்து, ஊதுகுழலால் சுடரைச் செலுத்தி இணைப்பை உருக்குவார்கள். வேலையும் குடித்தனமும் ஒரே கூரைக்கடியில் இருப்பதால் கம்பித் துண்டும் கண்ணியும் சிந்துகிற தரையும் குழந்தை தவழ்கிற தரையும் பல வீடுகளில் ஒன்றாகவே இருக்கின்றன. போதாக்குறைக்கு, பொற்கொல்லர் பழங்காலத்தில் எடைக்கல்லாக வைத்திருந்த குன்றிமணி கடுநஞ்சுள்ள விதை. அதன் ஓடு கெட்டியானது என்பதால் முழுதாக விழுங்கப்பட்டது பெரும்பாலும் அப்படியே வெளியேறும், கடிபட்டதே உயிருக்குத் தீங்காகும்.

காப்புக்காகக் கையில் கட்டிய வசம்பின் கதையும் சலங்கையின் கதையைப் போன்றதுதான். பேர் சொல்லா மருந்து என்றும் பிள்ளை வளர்ப்பான் என்றும் வழங்கும் இந்தக் கிழங்கை வில்லைகளாக நறுக்கிக் கோத்து மணிக்கட்டில் கட்டும் வழக்கத்தில், குழந்தை அதைச் சப்பும் என்பது தெரிந்தே இருந்தது, விரும்பவும்பட்டது. நூல் நைந்து வில்லை உதிர்வதை அந்த வழக்கம் கணக்கில் கொள்ளவில்லை. கருகமணி, பால்மணிச் சரங்களுக்கும் இது பொருந்தும். களத்துமேட்டு வீடுகளில் நிலக்கடலையும், கொங்கு வழக்கில் கொட்டைமுத்து எனப்படும் ஆமணக்கு விதையும் இந்த வரிசையில் சேரும். நிலக்கடலைப் பருப்பு மூச்சுக்குழலில் சிக்குவதே இந்திய மருத்துவமனைகளில் அடிக்கடி பார்க்கப்படுவது.

விழுங்கிய பொருளை வெளியே எடுக்கும் கலையைப் பிலடெல்பியாவின் மருத்துவர் செவாலியர் ஜாக்சன் (1865–1958) பெரிதும் வளர்த்தார். உணவுக்குழலிலிருந்தும் மூச்சுக்குழலிலிருந்தும் எடுக்கப்பட்ட 2,374 பொருள்கள் அவர் பெயரில் அந்நகரின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றுள் ஊக்குகளும் உண்டு என்பதைத் தாலிக்கயிற்றிலும் வளையலிலும் ஊக்கு மாட்டிக்கொண்டே குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் நம் பெண்கள் அறிந்தால் சற்றுத் திடுக்கிடுவார்கள். தடுப்பதற்கான அளவுகோல் பின்னர் வந்தது: 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளைக்குள் முழுதாக அடங்கும் எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் பொம்மையில் தனித்துண்டாக இருக்கக் கூடாது. இந்தியத் தரமான ஐ.எஸ். 9873 இதை ஏற்றது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அத்தர முத்திரை கட்டாயமானது. கொலுசு பொம்மையல்ல, நகை. நகைக்கு ஹால்மார்க் உண்டு, அது வெள்ளியின் தூய்மையைச் சொல்லும். சலங்கை எவ்வளவு இழுப்பைத் தாங்கும் என்று சொல்லாது. அந்தச் சோதனை வாங்குபவர் நகத்தால் இழுத்துப் பார்ப்பதோடு முடிந்துவிடுகிறது.

ஒலிக்காவலுக்கு வேண்டியது அமைதியான வீடு. குழித்தறியில் நெய்பவர் மிதியிலிருந்து காலை எடுத்தால் தறி ஓயும், சலங்கை கேட்கும். பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் விசைத்தறி வீட்டை ஒட்டி ஓடத் தொடங்கியபின், நாடாவை இருபுறமும் அடித்தனுப்பும் சத்தத்துக்கு நடுவே காலடியில் ஊரும் குழந்தையின் கொலுசு எடுபடுவதில்லை. விட்டத்தில் கயிறு போட்டுப் பழைய நூற்சேலையில் கட்டிய தூளி, கைக்குழந்தையைத் தூங்கவைக்கும் வேலைக்கு மேலாக, விழித்திருக்கும் குழந்தையைத் தரைக்கு இறங்காமல் வைத்திருக்கும் வேலையையும் அங்கே பார்க்கிறது.